கேட்காத பாட்டுக்குத் தலையாட்டுகிறேன்

கேள்வி:

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 24. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மூன்று நண்பர்கள் கிடைத்தார்கள். நல்லவர்கள், எங்கே போனாலும் என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூவரும் ராக், மெட்டல் பைத்தியங்கள். பள்ளி நாளிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் ஓடியதெல்லாம் சினிமாப் பாட்டு. அதைத் தாண்டி நான் எதையும் தேடிக் கேட்டதில்லை.

சேர்ந்த புதிதில் ஒருவன் ஒரு பேண்டின் பெயரைச் சொல்லி, “நீ கேட்டிருப்பியே?” என்றான். யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது. அடுத்த வாரம் அதே பேண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. போன வாரம் ஆமாம் என்றவன் இந்த வாரம் எப்படி இல்லை என்பது?

இப்போது இதற்கென்று ஒரு ஏற்பாடே வைத்திருக்கிறேன். அவர்கள் பேச்சில் அடிபடும் பெயர்களை போனில் குறித்துக்கொள்வேன். இரவில் ஒவ்வொன்றாகத் தேடி, எப்போது ஆரம்பித்தார்கள், எந்த ஆல்பம் பெரிதாகப் பேசப்பட்டது, யார் விலகினார், ரசிகர்கள் எதற்காகத் திட்டுகிறார்கள் என்று நாலு வரி எழுதி வைப்பேன். “முதல் ரெண்டு ஆல்பம்தான் கெத்து, அப்புறம் கமர்ஷியலாப் போயிட்டாங்க” என்ற ஒரு வரி பாதி பேண்டுகளுக்குப் பொருந்திவிடுகிறது. ஸ்பாட்டிஃபையில் இந்தப் பாட்டுகளை சத்தத்தைப் பூஜ்யமாக வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடுகிறேன். வருடக் கடைசியில் வரும் பட்டியலை எல்லோரும் போட்டுக் காட்டுவார்கள், அதில் என் லட்சணம் தெரிந்துவிடக் கூடாதே என்று.

போன மாதம் ஒருவன், “மூணாவது ஆல்பத்துல ட்ரம்மர் மாறினதும் சவுண்டே வேற மாதிரி ஆயிடுச்சில்ல?” என்றான். “ஆமாடா, எனக்குப் பழைய ட்ரம்மர்தான்” என்று அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால், அந்த ஆல்பத்தில் மாறியது ட்ரம்மரே இல்லை, பேஸ் கிடார் வாசிப்பவர். மற்ற இருவரும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. என்னைப் பிடிப்பதற்காகவே சொன்னானோ?

இன்னும் மூன்று வாரத்தில் அந்த பேண்டின் கான்சர்ட். நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. காரில் நான்கு மணி நேரப் பயணம், ஆளுக்கு ஒரு பாட்டாகப் போடுவது எங்கள் வழக்கம். இதுவரை ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா? கான்சர்ட்டை எப்படிச் சமாளிப்பது? இதற்கெல்லாம் போய் ஒருவன் பொய் சொல்வானா, நான் இயல்பிலேயே பொய்யன்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த ட்ரம்மர் பேச்சை உங்கள் குற்றப்பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. நால்வர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் தப்பான தகவலைச் சொன்னார். இன்னொருவர், அதாவது நீங்கள், ஆமாம் போட்டு மேலே ஒரு கருத்தும் சேர்த்தீர்கள். மற்ற இருவரும் மறுக்கவில்லை. உங்களைச் சோதிக்கத்தான் சொன்னார் என்றால், நீங்கள் மாட்டிய அந்த நொடியில் அவர் சிரித்திருக்க வேண்டும், அல்லது பிறகாவது கிண்டல் வந்திருக்க வேண்டும். ஒரு மாதமாக எதுவும் வரவில்லை. அவருக்கே நினைவு பிசகியிருக்கும் என்பதுதான் நம்பத் தகுந்த விளக்கம். ஆக, ‘மூவருக்கும் எல்லாம் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது’ என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. இதை அவரிடம் திருப்பிக் காட்டும் ஆயுதமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். “நீகூடத்தான் ட்ரம்மர்னு தப்பாச் சொன்னே” என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பொய்யனா என்ற கேள்விக்கு முதலில் வந்துவிடுகிறேன். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடைதான். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பான விடையைச் சொன்ன சுற்றுகளில், சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அவர்களோடு ஒத்துப்போனார்கள். நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது ஒத்துப்போனார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால் காதில் விழாத ஆல்பத்துக்குக் கேட்பானேன். அதே சோதனையில் இரண்டு மாற்றங்கள் செய்து பார்த்தார்கள். கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், விடையைச் சத்தமாகச் சொல்லாமல் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னாலும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. இந்த இரண்டும் உங்களுக்குப் பயன்படும், பிறகு சொல்கிறேன்.

தெரியாததைத் தெரியும் என்பதையே தனியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. டெல்ராய் பால்ஹஸும் உடன் பணியாற்றியவர்களும் 2003-ல் வெளியிட்ட முறையில், உண்மையான பெயர்களோடு இல்லாத பெயர்களையும் கலந்து பட்டியல் கொடுத்து, எவை பழக்கமானவை என்று கேட்பார்கள். எந்த லாபமும் இல்லாதபோதும் இல்லாத பெயர்களுக்குக் கணிசமானோர் ‘தெரியும்’ என்றே குறிக்கிறார்கள். 2015-ல் வந்த இன்னோர் ஆய்வு இதை மேலும் திருகிப் பார்த்தது. பண விவகாரங்களில் தனக்கு நல்ல அறிவு என்று நினைத்தவர்கள்தான் இல்லாத நிதிச் சொற்களையும் தெரியும் என்பதில் முந்தினார்கள். உங்கள் கூட்டத்தில் மிக அதிகம் தெரிந்தவர்போல் பேசுபவரும் இதற்கு விலக்கல்ல. ஜிம்மி கிம்மலின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக 2013-ல் கோச்செல்லா இசைவிழாவுக்குப் போய், இட்டுக்கட்டிய பேண்டுகளின் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். பலர் ரசித்துப் பதில் சொன்னார்கள். அது சிரிப்புக்காகத் தேர்ந்தெடுத்து வெட்டி ஒட்டியது, ஆய்வாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த முகங்களில் தெரிவது ஏமாற்றும் எண்ணமல்ல, ‘நானும் உங்களில் ஒருவன்’ என்ற அவசரம்.

உங்கள் பழக்கம் இசையோடு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்க்காத படம், போகாத ஊர், வாங்காத சம்பளம் என்று அது பரவியிருந்தால் கதை வேறு. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

சரி, தலையாட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம் என்றால் உங்களுக்கு மட்டும் ஏன் தூக்கம் போயிற்று? காரணம் அந்தக் குறிப்புகள்தான். பதற்றத்துக்கான சிகிச்சையில் இதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்போம். ஆபத்து வராமல் இருக்க ஒருவர் மறைவாகச் செய்யும் முன்னேற்பாடு. ஒவ்வொரு முறையும் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறீர்கள், மாட்டாமல் திரும்புகிறீர்கள். மனம் என்ன கற்றுக்கொள்கிறது? ‘குறிப்பு இருந்ததால் பிழைத்தேன்.’ குறிப்பே இல்லாமல் போய், ‘தெரியாது’ என்று சொல்லி, அப்போதும் யாரும் விரட்டவில்லை என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. அதனால் பயம் தேயாமல் அப்படியே நிற்கிறது, பட்டியல் மட்டும் நீள்கிறது. ஊற்ற ஊற்றக் கொழுந்துவிடும் விளக்குக்கு எண்ணெய் குறைகிறதே என்று கவலைப்படுவதுபோல் இருக்கிறது உங்கள் ராத்திரி வேலை.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அது உங்கள் கண்ணில் படவில்லை. ஒரு பேண்டை உயிராக நேசிப்பவருக்கு மிகப் பெரிய சந்தோஷம், கேட்டிராத ஒருவருக்கு அதை முதன்முதலாகப் போட்டுக் காட்டுவது. பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குப் பிடித்த இடம் வரும்போது நம் முகத்தைப் பார்ப்பார்கள். ‘ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தோஷத்தை அவர்களிடமிருந்து பறிக்கிறீர்கள். நெருங்குவதற்காகச் சொல்லும் பொய் நெருக்கத்தின் வாசலையே சாத்துகிறது. என்னைக் கேட்டால், நேர்மை தவறியதைவிட இதற்காகத்தான் நீங்கள் வருத்தப்பட வேண்டும்.

இனி நடைமுறை.

தலையாட்டல் நிகழ்வது ஒரு பெயரும் அதன் பின்னால் “கேட்டிருக்கியா?” என்ற இழுப்பும் வந்து விழும் இரண்டு மூன்று நொடிகளில். அந்த நொடியில் வார்த்தை தேடினால் கிடைக்காது, கையில் தயாராக இருக்க வேண்டும். வெறும் “இல்லை” போதாது. அது பேச்சை நிறுத்திவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், மறுபடி பயம் வரும். இல்லை என்பதோடு, அவர் சொன்னதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பாட்டைக் கேட்டு வாங்குங்கள். இப்படி: “கேட்டதில்லடா. ஒன்பது நிமிஷம் பாடவே மாட்டாங்கன்னு சொன்னியே, அந்தப் பாட்டு பேர் என்ன?” பந்து அவர் பக்கம் போய்விடும். கேள்வி கேட்பவரை, அதிலும் சொன்னதைத் தொடர்ந்து கேட்பவரை, எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உரையாடல்களை அலசிக் காட்டியிருக்கிறார்கள்.

இதில் வழுக்கும் இடங்கள் சில. “எது பெஸ்ட் ஆல்பம்?” என்று கேட்டால் அவர்களுக்குள் சண்டை மூண்டு நீங்கள் மறுபடி பார்வையாளராகிவிடுவீர்கள், ஒரே ஒரு பாட்டைக் கேளுங்கள். “எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுடா, நான் வேஸ்ட்” என்று உங்களை நீங்களே மட்டம் தட்டாதீர்கள், அப்புறம் அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். “பேர் கேள்விப்பட்டிருக்கேன்” என்பதை உண்மையாகவே கேள்விப்பட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள். அந்தப் பாதிப் பொய்தான் பழைய வழக்கம் திரும்பி நுழையும் சந்து. கேட்டு வாங்கிய பாட்டை இரண்டு நாளுக்குள் கேட்டுவிட்டு ஒரு வரியாவது திரும்பச் சொல்வதும் முக்கியம். கேட்டு வாங்கிவிட்டுக் கேட்காமல் விட்டால் அதுவும் ஒரு நடிப்புத்தான்.

சொல்வதற்கு முன் ஒரு சின்ன வேலை. ‘கேட்டதில்லை என்று சொன்னால் என்ன ஆகும்?’ என்று எழுதுங்கள். மேலோட்டமாக அல்ல, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும்படி: ‘மூவரும் சிரிப்பார்கள், 80 சதவீதம்’, ‘அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள், 60 சதவீதம்’. சொன்ன பிறகு நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் முறையை இந்த மூவரிடம் வைத்துக்கொள்ள வேண்டாம். வேறு துறையில் இருக்கும் ஒரு சக ஊழியர் ஏதோ ஒரு தொடரைப் பற்றிக் கேட்கும்போது “பார்க்கல, எதைப் பத்தினது?” என்று சொல்லிப் பழகுங்கள். பிறகு மூவரில் ஒருவரிடம் தனியாக. அதற்குப் பிறகு கூட்டத்தில். ஐந்தாறு முறை எழுதினால் உங்கள் கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும். மற்றவர்கள் தரும் தைரியத்தைவிட அதற்கு வலு அதிகம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமா என்றால், எல்லாவற்றையும் அல்ல. வெறுமனே தலையாட்டியவற்றை விட்டுவிடுங்கள், அவை யார் நினைவிலும் இல்லை. “கேட்டிருக்கேன்” என்று வாயால் சொன்னவற்றை, அந்தப் பெயர் மறுபடி வரும்போது, “உண்மையில் அதை ஒழுங்காக் கேட்டதே இல்ல, இப்பப் போடு” என்று போகிற போக்கில் திருத்திவிடலாம். திருத்தியே ஆக வேண்டியது, நீங்கள் கருத்தாகவோ நினைவாகவோ இட்டுக்கட்டிச் சொன்னது. ‘எனக்குப் பழைய ட்ரம்மர்தான்’ அந்த வகை. அதை ஒருவரிடம், தனியாக, நேரில் சொல்லுங்கள்: “அன்னிக்கு ட்ரம்மர் பத்திப் பேசினேன்ல, சும்மா அடிச்சுவிட்டேன்டா. நீங்க பேசுற பேண்டுல பாதியை நான் கேட்டதே இல்ல. கான்சர்ட்டுக்கு முன்னாடி கேக்கணும், எதுல ஆரம்பிக்கட்டும்?” இவ்வளவுதான். கேள்வியோடு நிறுத்துங்கள்.

யாரிடம்? மிக அதிகம் தெரிந்தவரிடம் வேண்டாம், கூட்டத்தின் தலைவர் போன்றவரிடமும் வேண்டாம். மூவரில் யார் கேள்வி கேட்பவர், யார் “அது எனக்கும் தெரியாது” என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார் என்று கவனியுங்கள். ஆஷின் சோதனையில் அந்த ஒற்றை ஆள் செய்த வேலையை இவர் செய்வார். அடுத்த முறை கூட்டத்தில் “அது கேட்டதில்லை” என்று நீங்கள் சொல்லும்போது உங்களைப் புரிந்த ஒரு முகம் அங்கே இருக்கும். நீங்களும் அவருக்கு அப்படி ஓர் ஆளாகிவிடுவீர்கள். ட்ரம்மர் பேச்சின்போது வாய் மூடியிருந்த இருவரில் ஒருவர் உங்களைப் போலவே குறிப்பு வைத்திருக்கவும் கூடும்.

குரூப் சாட்டில் எழுதாதீர்கள். எழுத்துக்குத் தொனி கிடையாது, அது அழியவும் அழியாது, மூவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் போட்டிபோடுவார்கள். சிறு வயதில் வீட்டில் என்ன பாட்டு ஓடியது என்று வரலாறு சொல்ல ஆரம்பிக்காதீர்கள். மன்னிப்பு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். விளக்கம் நீளநீள ஒரு சின்ன விஷயம் பெரிய துரோகம்போல் தோன்ற ஆரம்பித்துவிடும்.

கிண்டல் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு மூன்று நாளைக்கு உங்களை “பழைய ட்ரம்மர்” என்று கூப்பிடுவார்கள். கூடச் சிரித்துவிட்டு விடுங்கள், அதற்கு மேல் நீங்களே உங்களைக் கிண்டலடித்துப் போட்டியில் இறங்க வேண்டாம். எவ்வளவு பெரிய விஷயமாக அது அவர்கள் மனதில் இருக்கும் என்ற உங்கள் மதிப்பீட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதினருக்கு அது மானம் போகும் சட்டை. அறையில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்கு. 2000-ல் வெளியான ஆய்வு இது. கிண்டல் வாரக்கணக்கில் நீண்டால், அல்லது இசைக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தில் உங்கள் வாயை அடைக்க அது பயன்பட்டால், அது உங்கள் இசையறிவைப் பற்றிய சேதி அல்ல, அந்த நட்பைப் பற்றியது.

கான்சர்ட்டுக்கு வருவோம். மூன்று வாரம் தாராளம், ஆனால் அந்த பேண்டின் எல்லா ஆல்பங்களையும் கேட்டு முடிக்கும் திட்டம் போடாதீர்கள். அது இன்னொரு குறிப்பேடாகிவிடும். சமீபத்திய நிகழ்ச்சிகளில் எந்தெந்தப் பாட்டுகளை வாசித்தார்கள் என்ற வரிசையை ரசிகர்கள் இணையத்தில் ஏற்றியிருப்பார்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான பேண்டுகள் அதை அதிகம் மாற்றுவதில்லை. அதிலிருந்து ஆறு பாட்டு, வாரத்துக்கு இரண்டு. தினம் 20 நிமிடம், ஹெட்போனில். போன் ஸ்பீக்கரில் பேஸ் ஏறக்குறைய காணாமல் போய்விடும், மெட்டலில் பேஸ் போனால் மிஞ்சுவது இரைச்சல்தான். புதிதாகக் கேட்பவர்கள் பலர் மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பின்தொடருங்கள். முதல் முறை ட்ரம்ஸ்: ஸ்னேர், அதாவது ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும் ட்ரம், எங்கே விழுகிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். நான்கு எண்ணினால் இரண்டிலும் நான்கிலும் விழுந்தால் சாதாரணக் கணக்கு. விரல் தடுமாறினால் ஐந்தோ ஏழோ எண்ணிப் பாருங்கள், சில பாட்டுகளின் சுவாரசியமே அங்கேதான் இருக்கும். அடுத்த முறை பேஸ், அது கிடாரோடு சேர்ந்தே போகிறதா, தனியாக வழி பிரிகிறதா என்று. மூன்றாவது முறை வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு குரல். உறுமிப் பாடும் பாட்டுகளில் இதை முதலிலேயே செய்தால் எரிச்சல் வரும், அதனால்தான் கடைசியில் சொன்னேன். முடிவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள், நேரக் குறிப்போடு: ‘4:10-ல் எல்லாம் நின்று பேஸ் மட்டும் ஓடுகிறது.’ நண்பர்கள் நடுவே இந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எந்த வருடத்தில் யார் விலகினார் என்பதற்கு இருக்காது. இது உங்கள் காதில் விழுந்தது.

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடுவதும், விமர்சனம் படித்துவிட்டுக் கேட்பதும் இந்த முறையைக் கெடுக்கும். படித்துவிட்டுக் கேட்டால் விமர்சகர் சொன்னது கேட்கும், உங்களுக்குக் கேட்டது தெரியாது. ஒரு விஷயம் மீண்டும் மீண்டும் நம் முன் வந்தாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஜாயன்ஸ் 1968-ல் சோதனைகள் மூலம் காட்டினார். அளவு மீறினால் அதுவே சலிப்பாக மாறும். ஆக, ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று தள்ளுவதற்கு முன் ஐந்தாறு முறையாவது கேளுங்கள். ஐம்பது முறை வேண்டாம். அப்போதும் ஒட்டவில்லையா, “இது எனக்கு ஓடல, ஆனா ரெண்டாவது பாட்டு செம” என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவன் பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் நம்புவார்கள்.

காரில் உங்கள் முறை வரும்போது இனிச் சாக்கு வேண்டாம். உங்கள் பாட்டுகளில் மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். அவர்களைக் கவர்வதற்காக அபூர்வமானதைத் தேடாதீர்கள், ஏன் பிடிக்கும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்ததை எடுங்கள். “இந்தச் சரணத்துக்கு முன்னாடி வர வயலின் பிட்டைக் கவனி” போதும். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காது ஒரு பாட்டுக்குள் தாளம் மாறுவதையும் வாத்தியம் மாறுவதையும் கவனிக்கப் பழகிய காதுதான், அதை ஏதோ குறைபோல் எழுதியிருக்கிறீர்கள். “இது உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும்...” என்ற முன்னுரை வேண்டவே வேண்டாம். அவர்கள் உச்சக்கட்டமாகக் கத்திப் பாடி முடித்த பாட்டுக்கு அடுத்து போடாமல், கொஞ்சம் அடங்கிய நேரத்தில் போடுங்கள். நடுவில் பேசினால் பேசட்டும், உஷ் சொல்லாதீர்கள்.

நிகழ்ச்சியில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடங்களில் வரி தெரியாவிட்டால் வாயசைக்க வேண்டாம். கூட்டம் மேடையைப் பார்க்கும், உங்களை அல்ல. (இதற்குத் தொடர்பில்லாத ஒன்று: காதுக்கு ஃபோம் அடைப்பான் ஒரு ஜோடி கொண்டுபோங்கள். 100 டெசிபலை 15 நிமிடத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. மெட்டல் கான்சர்ட் அதை எளிதில் தாண்டும்.)

ஸ்பாட்டிஃபை விஷயத்தை இன்றிரவே நிறுத்துங்கள். 30 நொடி ஓடினாலே அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறும், நீங்கள் தூங்குவது அதற்குத் தெரியாது. விளைவு, உங்களுக்கு வரும் பரிந்துரைகள் எல்லாம் நீங்கள் கேட்காத ஒருவருக்கானவை. உங்கள் ரசனையை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். ராத்திரி ஓடவிட்ட பாட்டுப் பட்டியல்களை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க செயலியிலேயே வசதி உண்டு. கேட்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றால் தனிப்பட்ட அமர்வும் இருக்கிறது. ஆஷின் சோதனையில் விடையைத் தனியாக எழுதியவர்கள் கண்ணை நம்பியதுபோல், யாரும் பார்க்காதபோது எதைப் போடுகிறீர்கள் என்பதைச் சில வாரம் கவனியுங்கள். வருடக் கடைசிப் பட்டியலைப் பகிர்வது கட்டாயமல்ல.

பேண்டுகளைப் பற்றிய அந்தக் குறிப்புகளை ஒரே நாளில் அழிக்கச் சொல்லமாட்டேன், பதற்றம் கூடினால் இரண்டு மடங்காகத் திரும்ப எழுதுவீர்கள். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், கூடுவதற்கு முன் திறக்காதீர்கள். தானாகப் பழையதாகிவிடும்.

தூக்கம் இரண்டு மூன்று வாரத்தில் சீராகாவிட்டால், அல்லது இந்த மூவரோடு மட்டுமல்லாமல் மீட்டிங், போன் பேச்சு, புதியவர் அறிமுகம் என எல்லா இடத்திலும் ‘மாட்டிக்கொள்வேன்’ என்ற பயம் ஆறு மாதத்துக்கும் மேலாக இருந்து வந்தால், ஒரு உளவியலாளரை நேரில் பாருங்கள். சமூகப் பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. மேலே சொன்ன கணிப்பு எழுதும் பயிற்சி அதில் ஒரு பகுதி.

கான்சர்ட்டுக்கு முன் அந்த ஒருவரிடம் சொல்ல வாய்ப்பே அமையாமல் போகலாம். அப்படியானால் சொல்லாமலே போய்விட்டு வாருங்கள், டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். ஆனால் காரிலோ, நிகழ்ச்சி தொடங்கக் காத்திருக்கும் வரிசையிலோ சொல்ல ஆரம்பிக்க வேண்டாம். மூவரும் கூடவே இருப்பார்கள், பாதியில் நிறுத்தவும் முடியாது, அன்றைய பேச்சே அதுவாகிவிடும். புதிய தகவல் எதையும் அன்று இட்டுக்கட்டாமல் இருந்தால் போதும். அடுத்த வாரம் அவரைத் தனியாகப் பிடித்து அதே வாக்கியங்களைச் சொல்லுங்கள், கடைசிக் கேள்வியை மட்டும் மாற்றி: “அன்னிக்கு மூணாவதா வாசிச்சாங்களே, அந்த மாதிரி வேற என்ன இருக்கு?”